எதை முதலில் விடுவது?

கறி சாப்பிடுவது சரியா என்று யோசிக்கத் தொடங்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது "விடலாமா, வேண்டாமா" என்ற கேள்வியில்தான். முழுதாக விட முடியாது என்று தோன்றியதுமே பேச்சை மாற்றிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். "எதை முதலில் விடுவது" என்று கேட்டிருந்தால் எப்போதோ ஏதாவது செய்திருப்பேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், சைவம், அசைவம் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடு விலங்கின் கணக்கில் வேறெங்கோ விழுவது தெரியவருகிறது.

"கொன்றால் பாவம், தின்றால் போச்சு" என்று ஒரு சொலவடை உண்டு. அது பேசுவது கடைசி நாளை மட்டும். மேய்ந்தும் கிளறியும் வளர்ந்த பிராணியை ஒருநாள் பிடித்து அறுத்த காலத்தில் அந்தக் கணக்கு போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று கொட்டகைக்குள் வளரும் கோழிக்கு உயிர் போவது சில நிமிடங்களில். அதற்கு முன்பு உயிரோடு இருந்த நாற்பது நாட்களை யார் கணக்கில் எடுப்பது? 1964இல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி இதைப் பற்றி எழுதிய நூல் பிரிட்டனையே உலுக்கியது. அரசு ஒரு குழுவை அமைத்தது. 1965இல் வந்த பிராம்பெல் அறிக்கை கேட்டது இவ்வளவுதான்: பண்ணை விலங்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடலைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும். இதைக்கூட ஓர் அரசு அறிக்கை கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்றால் கொட்டகைக்குள் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கொல்வதே தவறு என்று உறுதியாக நம்புகிறவருக்கு எது எதைவிட மோசம் என்ற ஒப்பீடு பெரிதாகத் தேவைப்படாது. அவருக்கு மிஞ்சுவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன் உணவு, அதாவது இப்போது நனிசைவம் என்று சொல்லத் தொடங்கியிருக்கும் முறை மட்டும்தான். கீழே எழுதுவது அந்த உறுதி இல்லாதவர்களுக்கு, அல்லது இருந்தும் ஒரே தாண்டில் அங்கே போய்ச் சேர முடியாதவர்களுக்கு.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் வைத்துக்கொண்டது ஒரு கைக்கணக்கு: தட்டில் இருக்கும் ஒரு பங்கு உணவுக்குப் பின்னால் விலங்கின் எத்தனை நாள் பண்ணைவாழ்வு இருக்கிறது? பங்கு என்றால் 200 கிராம் கறி என்று வைத்துக்கொள்வோம்.

பிராய்லர் கோழி ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அதில் கறி ஒன்றரை கிலோ. அப்படியானால் ஒரு தட்டுக்கு ஐந்து நாளுக்கு மேல். கறிக்காக வளர்க்கும் மாடு ஒன்றரை இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 200 கிலோவுக்குக் குறையாமல் தருகிறது. தட்டுக்கு முக்கால் நாளைத் தாண்டாது. ஆறு மாதத்தில் அறுக்கப்படும் பன்றியும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் வருகிறது. பண்ணையில் முட்டையிடும் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது என்றால், ஒரு முட்டைக்கு ஒரு நாளுக்கு மேல். நாளைக்கு 25 லிட்டர் கறக்கும் பசுவை எடுத்து, அது கிடேரியாக வளர்ந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 200 மில்லி பாலுக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. அடைப்பில் வளர்க்கும் சால்மன் மீன் இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நான்கைந்து கிலோதான் ஆகிறது. ஒரு தட்டுக்கு ஐம்பது நாளுக்கு மேல் போய்விடுகிறது.

முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எங்கோ பூஜ்யம் தவறிவிட்டது என்று நினைத்தேன். தவறவில்லை. சின்ன உடம்பிலிருந்து வருகிற ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் நிறைய உயிர்களும் நிறைய நாட்களும் இருக்கின்றன. உலகில் ஓராண்டில் உணவுக்காகக் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகள் 8,000 கோடிக்கும் மேல். அவற்றில் 7,000 கோடிக்கும் மேற்பட்டவை கோழிகள். "இறைச்சிப் பிரச்சினை" என்று நாம் பொதுவாகச் சொல்வது எண்ணிக்கையில் பார்த்தால் கோழிப் பிரச்சினைதான்.

ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒன்றாகுமா? ஆகாது. கறிமாடு பல இடங்களில் வாழ்நாளின் பெரும்பகுதியைப் புல்வெளியில் கழித்துவிட்டுக் கடைசிச் சில மாதங்களைத்தான் தீவனக் கூடத்தில் கழிக்கிறது. கோழிக்கு அந்தப் பேறு இல்லை. அதன் முப்பத்தைந்தாவது நாளைப் பாருங்கள். தரையில் பரப்பிய மரத்தூளில் ஐந்து வாரத்து எச்சம் ஊறி, அமோனியா நெடி கண்ணை எரிக்கும். கோழி எழுந்து நான்கு எட்டு வைக்கும், உட்கார்ந்துவிடும். மார்பு முன்னால் இழுக்கிறது, கால் தாங்கவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்தே இருப்பதால் கால் மூட்டில் தோல் கறுத்துப் பொத்துப்போயிருக்கும். பார்ப்பதற்கு முழுக்கோழி; தொண்டையிலிருந்து வருவது இன்னும் குஞ்சின் கீச்சொலிதான், ஏனென்றால் வயதில் அது குஞ்சுதான். வாயில்லா ஜீவன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இருபதாயிரம் கோழிகள் அடைந்த கொட்டகை வாசலில் ஒருமுறை நின்றால் அந்தச் சொல் வாயில் வராது.

இது யாரோ ஒரு கொடுமைக்காரப் பண்ணைக்காரர் செய்வதல்ல. இனத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டின் கோழி இனத்தை மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனத்தில் 56 நாள் வளர்த்தபோது பழையது 905 கிராம் இருந்தது. புதியது 4,202 கிராம். பிரிட்டனில் 2008இல் வெளியான ஆய்வொன்றில் நாற்பது நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகளுக்கு நடை மோசமாக இருந்தது. இன்னொரு பக்கமும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. இந்தக் குஞ்சுகளின் தாய்க்கும் தந்தைக்கும் அதே அகோரப் பசி. பசிக்குத் தின்னவிட்டால் கொழுத்து, இனப்பெருக்கத்துக்கு உதவாமல் போய்விடும். அதனால் அவற்றை வளரும் பருவம் முழுக்க அரைப்பட்டினியில் வைக்கிறார்கள்.

எனவே முதலில் விட வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பிராய்லர் கோழி என்பேன். சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று கறியைக் குறைக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்குத்தான் மாறுகிறார்கள். பருவநிலைக் கணக்கில் அது சரியே. கிலோவுக்குக் கிலோ மாட்டிறைச்சி வெளிவிடும் பசுங்குடில் வாயு கோழியைப்போலப் பல மடங்கு. விலங்கின் கணக்கிலோ நேர்எதிர். ஒரு மாட்டுக்குப் பதில் நூறுக்கும் மேற்பட்ட கோழிகள் போகின்றன, அதுவும் நான் மேலே சொன்ன வாழ்க்கையோடு. இரண்டு நல்ல எண்ணங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம் இது. மாட்டை விட்ட கையோடு பருப்பு, பயறு பக்கம் போனால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது முட்டை. இங்கேதான் "நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன்" என்கிறவர்களோடு எனக்கு வம்பு. கறிக்குப் பதில் முட்டையைக் கூட்டிக்கொண்டவர், விலங்கின் கணக்கில் முன்னேறினாரா பின்னேறினாரா? ஒரு தட்டு மாட்டிறைச்சிக்கு முக்கால் நாள். மூன்று முட்டைக்கு மூன்று நாளுக்கு மேல், பெரும்பாலான நாடுகளில் கம்பிக் கூண்டுக்குள். ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கூண்டுகளை 2012இலிருந்து தடை செய்தது. அதற்கு முன் ஒரு கோழிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாள் 624 இருக்கும். தடைக்குப் பின் அனுமதித்த "மேம்பட்ட" கூண்டில் 750. தாளுக்கு மேல் ஓர் அஞ்சலட்டை அளவு கூடியிருக்கிறது.

கூண்டில்லாத முட்டை வாங்கினால் தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. கோழி நடக்கும், சிறகை விரிக்கும், மண்ணில் புரளும். இவையெல்லாம் அதற்குப் பெரிய விஷயம், கேலி செய்வதற்கில்லை. ஆனால் உடம்பு அதே உடம்பு. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைகாக்கப் போய்விடும். 300 முட்டைக்கு ஓடு கட்ட வேண்டிய கோழி சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் டென்மார்க் கோழிகளைப் பரிசோதித்தபோது, சுமார் 85 சதவீதக் கோழிகளுக்கு நெஞ்செலும்பு முறிந்திருந்தது. கூண்டு, திறந்த கொட்டகை, இயற்கைப் பண்ணை என்று எதுவும் தப்பவில்லை. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்கு எந்த முறையிலும் இடமில்லை; உலகில் ஆண்டுக்கு 700 கோடி என்ற அளவில் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022இலிருந்து இதைத் தடை செய்திருக்கிறது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பிரித்தறியும் கருவிகள் வந்துவிட்டதால் முடிந்த காரியம் அது.

நல்ல பண்ணையாகப் பார்த்து வாங்குவது என்ற வழிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் மனம் ஓடுவது இந்தப் பக்கம்தான். இதில் உண்மையும் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பச்சைப் புல், சிரிக்கும் பசு, "இயற்கை" என்ற சொல். இவற்றுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. கேட்க வேண்டியவை வேறு. எந்த இனம்? எத்தனை நாளில் அறுத்தீர்கள்? ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோ? ஐரோப்பியச் சட்டம் சதுர மீட்டருக்கு 42 கிலோ வரை அனுமதிக்கிறது. இரண்டேகால் கிலோ கோழி என்றால் பதினெட்டு, பத்தொன்பது. அங்கே விலங்குநல அமைப்புகள் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கும் உறுதிமொழியில் உச்சம் 30 கிலோ, கூடவே மெதுவாக வளரும் இனம். இங்கே என் கைக்கணக்கு என்னையே காட்டிக்கொடுக்கிறது. மெதுவாக வளரும் கோழி எட்டு வாரம் வாழ்கிறது, ஆகவே தட்டுக்கான நாள் கூடுகிறது. ஆனால் அந்த நாட்களில் அது நடக்கிறது. நாளை எண்ணுவதோடு, அந்த நாளை அந்தப் பிராணி விரும்பியிருக்குமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பன்றிக்கு இதை விட்டுவிட்டால் கணக்கே தப்பாகும். நாளில் அது மாட்டோடு சமம் என்று மேலே எழுதினேன். ஆனால் குட்டி போடும் தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். பல நாடுகளில் அது சினைக்காலத்தைக் கழிப்பது சுமார் 60 சென்டிமீட்டர் அகலக் கம்பிச்சட்டத்துக்குள். முன்னே ஓரடி, பின்னே ஓரடி, திரும்ப முடியாது. சூட்டிகையான பிராணி, கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும். பிரிட்டன் இதை 1999இல் ஒழித்தது. கலிஃபோர்னியா மக்கள் 2018இல் வாக்களித்து, இப்படி வளர்த்த பன்றிக்கறியைத் தங்கள் மாநிலத்தில் விற்கவே தடை போட்டார்கள். தொழில்துறை வழக்குப் போட, 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. வாங்குகிறவர் விருப்பத்துக்கு விட்டால் வராத மாற்றம் சட்டத்தால் வந்திருக்கிறது என்பதை, கடையில் நின்று அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

நல்ல பண்ணைக் கறிக்கு விலை அதிகம். அது குறையல்ல என்பது என் எண்ணம். விலை கூடியவுடன் தானாகவே குறைவாக வாங்குவோம்.

ஆடு பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்வதால் கோழிக்கும் பன்றிக்கும் மேலான நிலையில் நிற்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மீன்தான் தலைவலி. மீனுக்கு வலி கிடையாது என்று சொல்லித்தான் பல பேர் கறியை விட்டு மீனுக்குப் போகிறார்கள். 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டிரவுட் மீனின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் ஏற்றிப் பார்த்தார்கள். மீன் தீனியை விட்டது. உதட்டைக் கொண்டுபோய்த் தொட்டியின் சரளைக்கல்லில் தேய்த்தது. மார்ஃபின் கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது. இதற்குப் பிறகும் "வெறும் அனிச்சைச் செயல்" என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாகத்தான் எனக்குப் படுகிறது. கடலில் பிடித்த மீன் சுதந்திரமாக வாழ்ந்தது என்பது உண்மை, அதன் சாவு மூச்சுத்திணறல் என்பதும் உண்மை. வளர்ப்பு மீனுக்கோ ஐம்பது நாள் கணக்கு, அதன் தீவனத்துக்கு அரைத்த சிறுமீன்கள் தனி. இந்தக் கூட்டத்தில் மனசாட்சிக்கு இலகுவானவை மட்டியும் சிப்பியும். அவற்றுக்கு மூளை என்று ஒன்று இல்லை. கயிற்றில் தொங்கவிட்டால் நீரை வடித்துத் தின்று வளரும், தீவனம் வேண்டாம். வீகன் கொள்கையை விரும்புகிறவர்களில் சிலர்கூட இவற்றை மட்டும் உண்கிறார்கள்.

இனி நனிசைவம். வாதம் என்று எடுத்துக்கொண்டால் இதன் பக்கம்தான் பலம் அதிகம். எதிர்ப்பாகச் சொல்லப்படுவதில் ஒன்று: வயலில் உழும்போதும் அறுக்கும்போதும் எலியும் பூச்சியும் சாகவில்லையா? சாகின்றன. ஆனால் கோழிக்கும் பன்றிக்கும் போடும் தீவனமும் வயலில்தானே விளைகிறது. உலக வேளாண் நிலத்தில் முக்கால் பங்குக்கும் மேல் கால்நடைக்கும் அதன் தீவனத்துக்கும் போகிறது. நமக்குக் கிடைக்கும் கலோரியில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. 2018இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் தரவை வைத்துக் கணக்கிட்டபோது, உலகம் விலங்குணவை முற்றிலும் விட்டால் உணவுக்கான நிலம் 76 சதவீதம் குறையும் என்று வந்தது. எலிக்கு இரங்குகிறவருக்கும் நனிசைவமே வழி. உடல்நலப் பக்கம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வைட்டமின் பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம். அதை அலட்சியம் செய்தவர்களுக்கு நரம்பு தளர்ந்த பிறகுதான் தெரியவரும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றபடி கஷ்டம் சத்தில் இல்லை, விருந்தில்தான். எல்லோரும் உட்காரும் பந்தியில் ஒவ்வொரு பண்டமாக விசாரிக்கும் ஆளாக இருப்பது சிலருக்கு எளிது, சிலருக்கு அதுவே ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடக் காரணம்.

குறைத்துக்கொள்வது என்ற நடுவழிக்கு என் ஆதரவு உண்டு, ஒரு நிபந்தனையோடு. "குறைத்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோரிடம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை, ஒரு வருடம். வாரத்தில் இரண்டு நாள் கறி இல்லை என்ற விதி மற்ற ஐந்து நாளில் ஈடுகட்டப்பட்டுவிடும். வகையை வைத்து விதி போட்டால் நிற்கிறது. கோழி கிடையாது என்றால் கிடையாது. யாராவது நீட்டினாலும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் செல்லிலிருந்து வளர்க்கும் கறியைப் பற்றியும் கேட்பார்கள். 2013இல் லண்டனில் முதல் துண்டு பொரிக்கப்பட்டது, 2020இல் சிங்கப்பூர் விற்பனைக்கு அனுமதித்தது. இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது விடை அல்ல. அது வரும்வரை கோழியே தின்றுகொண்டிருக்கலாம் என்பதற்கு அதைச் சாக்காக்கவும் கூடாது.

நான் ஒருவன் விட்டு என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். கடைக்காரர் ஒரு கோழிக்காக ஆர்டரை மாற்ற மாட்டார். ஆனால் எங்கோ ஓர் எண்ணிக்கையில் மாற்றுவார், ஆயிரமாவது ஆள் விடும்போது ஆயிரம் கோழி குறையும். அந்த ஆயிரமாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சராசரியில் ஒருவருக்கு ஒரு கோழி என்ற கணக்கு பெரிதாகப் பிசகுவதில்லை.

என் நிலவரம் இது. பிராய்லர் கோழியை முதலில் விட்டேன், நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கூண்டு முட்டை அடுத்து. கூண்டில்லாத முட்டை வாரத்துக்கு இரண்டு என்று நின்றிருக்கிறது. பன்றியும் வளர்ப்பு மீனும் இல்லை. ஆட்டுக்கறி அபூர்வமாக. சைவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதில் வருத்தமில்லை.

தீராமல் கிடப்பது பால். அரை மணி நேரம்கூட ஆகாத அந்தத் தொகையைப் பார்த்துப் பால் பிரச்சினையே இல்லை என்று முடித்துவைத்திருந்தேன். பிறகு பால்பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிடுவார்கள், தாய் இரண்டு மூன்று நாள் கத்தும், இரவில் அதிகம். காளைக்கன்று என்றால் அதற்குப் பால்பண்ணையில் வேலை இல்லை. இருபது வருடம் வாழக்கூடிய பசுவும் ஐந்தாறு வயதில் கறவை குறைந்ததும் அடிமாடாகப் போய்விடும். என் தாளில் பசுவின் நாட்கள் இருக்கின்றன, லிட்டர் இருக்கிறது. கன்றுக்கென்று ஒரு வரி போடவே இல்லை. அதை எப்படிச் சேர்ப்பது என்று பென்சிலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் வீட்டுக்கு வரும் பால் பாதியாகியிருக்கிறது.